மூன்று விலைப்புள்ளிகள், ஒரே கூரை

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்துவதற்காக மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டிருந்தேன். மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. முதல் தாளின் மொத்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது 114, மூன்றாவது 138. தொகை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது என்பதால் இந்தக் கட்டுரை முழுவதும் இந்த விகிதங்களிலேயே பேசுகிறேன். ஒரே கூரை, ஒரே வெயில், ஒரே வீட்டின் மின்தேவை. அப்படியிருக்க 38 விழுக்காடு வேறுபாடு எங்கிருந்து முளைக்கிறது என்று தேடப்போய், அந்தத் தாள்களோடு ஏறத்தாழ மூன்று வாரங்கள் மல்லுக்கட்டினேன்.

முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான்: மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி, கடைசி வரியை மட்டும் பார்த்தேன். பிறகுதான் அவை மூன்றும் ஒரே பொருளுக்கான விலைகள் அல்ல என்பது உறைத்தது. முதல் தாளின் தலைப்பில் ‘6 கிலோவாட் திட்டம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே பொருள்பட்டியலில் 550 வாட் தகடுகள் பத்து, பெருக்கினால் 5.5 கிலோவாட். அந்த 6 எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, இன்வெர்ட்டரின் திறன் 6 கிலோவாட் என்றார்கள். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் மின்சாரத்தை உற்பத்தி செய்வது தகடு. இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றித் தருவது மட்டுமே. இரண்டாவது தாளில் 440 வாட் தகடுகள் பன்னிரண்டு, அதாவது 5.28 கிலோவாட், இன்வெர்ட்டர் 5 கிலோவாட். மூன்றாவது தாள் ஒவ்வொரு தகட்டுக்கும் பின்னால் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்து, தகட்டுக் கணக்கில் 6 கிலோவாட் தருவதாகச் சொன்னது. ஆகவே எந்த விலைப்புள்ளி வந்தாலும் தலைப்பை விட்டுவிட்டு, தகடுகளின் எண்ணிக்கையை ஒரு தகட்டின் வாட்டால் பெருக்கிப் பார்ப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் நானே ஒரு தவறு செய்தேன். 5.28 கிலோவாட் தகடுகளுக்கு 5 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டு ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று இரண்டாவது நிறுவனத்தாரிடம் சற்றுக் காட்டமாகவே பேசிவிட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். தகட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் வாட், ஆய்வகச் சூழலில் அளக்கப்பட்டது: சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, தகட்டிலுள்ள மின்கலத்தின் (செல்) வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். உச்சிவெயிலில் கூரையில் கிடக்கும் தகட்டின் மின்கலம் 60 டிகிரியைத் தொடுவது வெகு இயல்பு. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 விழுக்காடு வீதம் திறன் குறைகிறது என்று கொண்டால், 35 டிகிரி ஏற்றத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு போய்விடும். தூசும் கம்பியில் ஏற்படும் இழப்பும் தனி. தகடுகள் முழுத்திறனை எட்டும் நேரம் மிகக் குறைவு என்பதால், இன்வெர்ட்டரைச் சற்றுச் சிறியதாக வைப்பது துறையின் வழக்கமான முறையே. தகட்டுத் திறன் இன்வெர்ட்டர் திறனைவிட 10 முதல் 30 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது பழகிப்போன ஒன்றாகத் தெரிந்தது.

அடுத்தது ஆண்டு உற்பத்தி. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 9,000 யூனிட் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. மற்ற இரண்டும் முறையே 7,400, 8,400. பார்த்தவுடன் முதலாவதே கண்ணைக் கவரும்: விலையும் குறைவு, விளைச்சலும் அதிகம். ஆனால் இந்த எண்களைத் தகட்டுத் திறனால் வகுத்தால் கதை மாறுகிறது. முதலாவது ஒரு கிலோவாட்டுக்கு 1,636 யூனிட். மற்ற இரண்டும் ஏறத்தாழ 1,400. ஒரே கூரையில், ஒரே சாய்வில், ஒரே வகைச் சிலிக்கான் தகடுகளை வைக்கும்போது ஒருவருக்கு மட்டும் சூரியன் 17 விழுக்காடு கூடுதலாகக் காய்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வழங்கும் பிவிஜிஐஎஸ், அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் உருவாக்கிய பிவிவாட்ஸ் ஆகிய இரு கணிப்பான்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இடத்தைக் குறித்து, சாய்வையும் திசையையும் கொடுத்தால் மாதவாரியாக உற்பத்தியைக் காட்டும். இரண்டுமே இயல்பாக 14 விழுக்காடு அளவிலான இழப்பைக் கழித்துக்கொள்கின்றன. எங்கள் கூரைக்கு அவை தந்த விடை 1,400-ஐ ஒட்டியே இருந்தது. முதல் நிறுவனம் இழப்பு எதையும் கழிக்காமலே எழுதியிருக்கிறது என்று ஊகித்தேன். கேட்டதற்கு, ‘இது உச்ச அளவு’ என்ற பதில் வந்தது. தாளில் அந்தச் சொல் எங்குமே இல்லை.

கணிப்பான்களுக்குத் தெரியாத ஒன்று நம் கூரையிலேயே விழும் நிழல். எங்கள் கூரையின் மேற்கு ஓரத்தில் படிக்கட்டு அறை எழும்பி நிற்கிறது. முதல் நிறுவனத்தின் வரைபடத்தில் இரண்டு தகடுகள் அந்தச் சுவரை ஒட்டியே வைக்கப்பட்டிருந்தன. வரைந்தவர் கூரைக்கு வந்ததே இல்லை, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்திருந்தார். மேலிருந்து எடுத்த படத்தில் சுவருக்கு உயரம் தெரியாதல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணக்கட்டியோடு மேலே போனேன். நண்பகல் தொடங்கி மணிக்கொருமுறை நிழலின் விளிம்பில் கோடு கிழித்து, பக்கத்தில் மணியை எழுதினேன். ஒரு மணிக்கு நிழல் ஒரு சாண் அகலம். இரண்டு மணிக்கு முதல் தகட்டின் இடத்துக்குள் நுழைந்துவிட்டது. மூன்றரை மணிக்கு இரண்டாவது தகட்டின் இடத்தையும் தாண்டியது. சூரியன் தாழ்ந்து செல்லும் மாதங்களில் இது இன்னும் முன்னதாகவே நிகழும்.

நிழல் விழுந்த பரப்பின் அளவுக்கு மட்டும்தான் உற்பத்தி குறையும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு தகட்டிலுள்ள மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு, பொதுவாக மூன்று பிரிவுகளாக, பிரிவுக்கொரு பைபாஸ் டயோடு (மின்னோட்டத்துக்கு மாற்றுப் பாதை தரும் சிறு சாதனம்) வைத்துக் கட்டப்படுகின்றன. ஒரு பிரிவில் ஒரே ஒரு மின்கலம் நிழலில் சிக்கினாலும் அந்தப் பிரிவு முழுவதையும் டயோடு சுற்றிக் கடந்துபோகிறது; தகட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பழைய வகைத் தகட்டை நெட்டுக்குத்தாக வைத்து, அதன் கீழ் விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு நீள நிழல் விழுந்தால், அது மூன்று பிரிவுகளையும் ஒருசேரத் தொட்டுவிடும். தகடு முழுவதுமே வீண். மின்கலங்களைப் பாதியாக வெட்டிச் செய்து இப்போது பரவலாக வரும் அரைக்கல வகைத் தகடுகளில் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியாக இயங்குவதால் பாதி தப்பும். ஆகவே தகட்டைக் கிடையாக வைப்பதா நெட்டாக வைப்பதா என்பதுகூட விலைப்புள்ளியோடு வரும் வரைபடத்தில் பார்க்கவேண்டிய ஒன்று. மைக்ரோ இன்வெர்ட்டருக்கான நியாயமும் இங்கேதான் இருக்கிறது: ஒரு தகட்டின் தடுமாற்றம் மற்றவற்றைத் தொற்றாது. நிழலே விழாத கூரைக்கு அந்தக் கூடுதல் செலவு பெரிதாக எதையும் ஈட்டித் தருவதில்லை. என் சுண்ணக்கோடுகளை வைத்துக் கணக்குப் போட்டபோது, முதல் நிறுவனத்தின் அமைப்பில் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 விழுக்காடு நிழலுக்கே போய்விடும் என்று தெரிந்தது.

முதல் தாளோடு வண்ணப்படம் ஒன்றும் வந்திருந்தது. 25 ஆண்டுகளில் சேமிக்கப்போகும் தொகை, மேல்நோக்கிச் சீறும் பச்சைக் கம்பங்களாக. அடியில் பொடி எழுத்தில், ‘மின்கட்டணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயரும் என்ற அடிப்படையில்’ என்று இருந்தது. கூட்டுவட்டியாகப் போட்டுப் பாருங்கள்: 25-ஆம் ஆண்டில் ஒரு யூனிட்டின் விலை இன்றைய விலையைப் போல ஆறு மடங்கைத் தாண்டிவிடுகிறது. உயரலாம், உயராமலும் போகலாம். ஆனால் அந்தப் படத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது தகடு அல்ல, அந்த 8 என்ற எண். அதே படத்தில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் நாம் கட்டும் முழுக் கட்டண விலைக்கே மதிப்பிடப்பட்டிருந்தது. பகலில் நாமே பயன்படுத்தும் யூனிட்டுக்கு அது சரி; மிஞ்சி மின்கட்டமைப்புக்குப் போகும் யூனிட்டுக்குப் பல இடங்களில் அதைவிடக் குறைந்த விலையே கிடைக்கிறது. முதலீடு எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்று எவர் சொன்னாலும், கட்டண உயர்வைச் சுழியமாக வைத்து ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்வது போதும். பேச்சின் தொனி மாறிவிடும்.

தாளில் எழுதாமல் விட்டவையே பாதி விலை என்று பிறகு புரிந்தது. முதல் நிறுவனத்தின் பட்டியலில் ‘கேபிள் 15 மீட்டர் வரை, கூடுதல் தேவைக்கு உண்மைச் செலவின்படி’ என்று ஒரு வரி இருந்தது. கயிறு பிடித்து அளந்தேன். தகடுகளிலிருந்து இன்வெர்ட்டர் வைக்கும் இடம் வரை 30 மீட்டர். போக வர இரு கம்பிகள் என்றால் 60. கம்பியின் தடிமன் குறிப்பிடப்படவே இல்லை. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிஓம் மின்தடை. 60 மீட்டருக்கு 0.3 ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் அளவுக்கு விழும். பத்துத் தகடுகளும் சேர்ந்து தரும் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அது ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். அதையே 2.5 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் இழப்பு ஒன்றரை விழுக்காட்டைத் தொடும், 25 ஆண்டுகளும் தொடர்ந்து. எர்த்திங், மின்னெழுச்சித் தடுப்பான், நேர்மின்னோட்டப் (டிசி) பக்கத்துத் துண்டிப்பான், மின்வாரிய விண்ணப்பக் கட்டணம், தகடுகளைக் கழுவ நடைபாதை என்று அந்தத் தாளில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியபோது 100 என்பது 111 ஆயிற்று. இரண்டாவது தாளில் இவை அனைத்தும் அளவோடு எழுதப்பட்டிருந்தன. அதன் 114 எனக்கு முதலில் அதிகமாகப் பட்டதற்குக் காரணம் அந்த நேர்மைதான்.

2010-களில் தகடுகளின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. அதனால் வீட்டுக் கூரையைப் பொறுத்தவரை தகடு இன்று மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே; தாங்கும் சட்டகம், கம்பி, பாதுகாப்புச் சாதனங்கள், ஆள்கூலி ஆகியவை சேர்ந்து பெரும்பங்கைப் பிடிக்கின்றன. விலையைக் குறைத்துக் காட்ட நினைப்பவர் கைவைப்பதும் அங்கேதான். சட்டகத்தின் துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான், நட்டு போல்ட்டு துருப்பிடிக்காத எஃகா, எவ்வளவு காற்று வேகத்துக்குக் கணக்கிட்டது என்ற கேள்விகளுக்கு மூவரில் ஒருவர் மட்டுமே தாளில் விடை வைத்திருந்தார்.

தகட்டின் பெயருக்கு வருவோம். முதல் தாளில் ‘டியர் 1 நிறுவனத் தகடு அல்லது அதற்கு இணையானது’ என்று இருந்தது. இந்த ஒரே வரியில் இரண்டு பொறிகள். டியர் 1, அதாவது முதல் அடுக்கு, என்பது எரிசக்திச் சந்தை ஆய்வு நிறுவனமான புளூம்பெர்க்என்இஎஃப் வெளியிடும் பட்டியல். ஒரு நிறுவனத்தின் தகடுகளை வைத்துச் செய்யப்படும் திட்டங்களுக்கு வங்கிகள் கடன் தர முன்வருகின்றனவா என்பதைக் காட்டுவது. தகட்டின் தரத்துக்கான அளவுகோலாக அதைக் கொள்ளக்கூடாது என்று வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். இரண்டாவது பொறி ‘இணையானது’. எதற்கு இணை, யார் தீர்மானிப்பது? விற்பனையாளரிடம் கேட்டபோது, “எல்லாம் ஒரே சரக்குதான் சார், பேர்தான் வேற” என்றார். மாதிரி எண்ணைத் தாளில் எழுதித் தந்தால், அந்த மாதிரியின் விவரத்தாளைத் தரவிறக்கி வெப்பக் குணகம் (ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் குறையும் வீதம்), எடை, ஐஇசி 61215, ஐஇசி 61730 என்ற பன்னாட்டுத் தரநிலைச் சான்றுகள் ஆகியவற்றை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தச் சான்றுகளும் ஒரு நுழைவுத் தேர்வு போன்றவைதான். தகடு 25 ஆண்டுகள் உழைக்கும் என்று அவை உறுதி கூறுவதில்லை. இருப்பினும் அவைகூட இல்லாத தகட்டைக் கூரையில் ஏற்றுவதற்கு நான் தயாராக இல்லை.

‘25 ஆண்டு வாரண்டி’ மூன்று தாள்களிலும் தடித்த எழுத்தில் இருந்தது. பிரித்துப் பார்த்தால் அது செயல்திறன் வாரண்டி: 25 ஆண்டுகள் கழிந்த பிறகும் தொடக்கத் திறனில் இத்தனை விழுக்காடு இருக்கும் என்ற வாக்கு. கண்ணாடி விரிசல், பின்புற இணைப்புப்பெட்டிக் கோளாறு, சட்டம் கழன்றுபோதல் போன்றவற்றுக்குப் பொருள் வாரண்டி வேறு; அது ஒன்றில் 12 ஆண்டுகள், மற்றொன்றில் 15, மூன்றாவதில் 25. இன்வெர்ட்டருக்குத் தனி வாரண்டி. இவை எதிலும் சேராதது வேலைப்பாட்டு வாரண்டி: துளையிட்ட இடத்தில் மழைநீர் கசிந்தால் யார் வருவார்? எனக்கு நான்கிலும் இதுதான் முக்கியமாகப் பட்டது, ஏனெனில் கசிவு முதல் மழையிலேயே தெரிந்துவிடும், தகடு ஆண்டுக்கு அரை விழுக்காடு தேய்வதை நிரூபிக்க அளவுகருவியும் வழக்கறிஞரும் வேண்டும்.

பேட்டரி பற்றி மூன்றாவது நிறுவனம் கொடுத்திருந்த தனித்தாளை ஒத்திவைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டேன்: பேட்டரி இல்லாத வழக்கமான இணைப்பில், மின்தடை ஏற்பட்டால் நண்பகல் வெயிலிலும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. தடையில்லா மின்சாரம் வரும் என்று எண்ணி வாங்குபவர்களிடம் எந்தத் தாளும் இதைச் சொல்வதில்லை.

இறுதியாக மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தேன்: 25 ஆண்டுகளில் ஆகும் மொத்தச் செலவை, அதே காலத்தில் கிடைக்கக்கூடிய மொத்த யூனிட்டால் வகுப்பது. தேய்மானத்தைக் கழித்து, சராசரி ஆண்டு உற்பத்தி, தொடக்க ஆண்டு உற்பத்தியில் 94 விழுக்காடு என்று கொண்டேன். முதல் நிறுவனம்: விடுபட்டவை சேர்ந்து 111, இடையில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்ற 12, ஆக 123, நிழல் போக 1,66,500 யூனிட். இரண்டாவது: 114-உம் இன்வெர்ட்டருக்கு 12-உம் சேர்த்து 126, தகடுகள் நிழலுக்கு வெளியே இருப்பதால் 1,73,700 யூனிட். மூன்றாவது: 138, பராமரிப்புக்கு 3, ஆக 141, 1,97,400 யூனிட். ஆயிரம் யூனிட்டுக்கு முறையே 0.739, 0.725, 0.714. 38 விழுக்காடாக நின்ற இடைவெளி மூன்றரை விழுக்காட்டுக்குள் சுருங்கிவிட்டது. மலிவாகத் தெரிந்தது வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது. எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் பொருளாதார முறையை நான் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தினாலும் மூன்றும் நெருங்கியே நிற்கும்.

இவ்வளவு நெருங்கிய பிறகு விலையை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. மூன்றாவது அமைப்பு தரும் கூடுதல் ஆயிரம் யூனிட் எங்கள் தேவைக்கு மேற்பட்டது. அது கட்டமைப்புக்குப் போய்க் குறைந்த விலைக்கே கணக்கில் வரும். இரண்டாவது நிறுவனத்திலிருந்து வந்தவர், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே நாடாவோடு கூரையில் ஏறி, படிக்கட்டு அறையின் உயரத்தை அளந்து, தகடுகளைக் கிழக்குப் பக்கம் தள்ளி வரைந்தவர். அவருடையதையே எடுத்துக்கொண்டேன்.

முடிவைச் சொன்ன அன்று மாலை முதல் நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து 7 குறைத்துத் தருவதாகச் சொன்னார். கணக்குப் போட்டேன், ஆயிரம் யூனிட்டுக்கு 0.697, மூன்றிலும் குறைவு. தகட்டின் மாதிரி எண், கேபிளின் நீளமும் தடிமனும், இந்த மூன்றையும் அதே விலைக்குத் தாளில் எழுதி அனுப்பினால் மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னேன். நாளைக்கே அனுப்புவதாகச் சொன்னார். ஒரு வாரம் காத்திருந்தேன்.

தகடுகள் வந்திறங்கிய காலையில், ஒப்பந்தத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பின்புறத்தையும் குனிந்து படித்தேன். இறக்கிவைத்த பையன் முதல் இரண்டுக்குப் பொறுத்துக்கொண்டான். மூன்றாவதிலிருந்து, நான் குனிய வேண்டாம் என்று அவனே தகட்டைத் திருப்பி, எண்ணை உரக்க வாசித்துக் காட்டினான். பன்னிரண்டும் 440.